துருவின் மேல் பூசிய வண்ணம்



பெருநாள் நெருங்கும்போதும், வீட்டில் நிக்காஹ் வைபவம் ஒன்று நிச்சயமாகும்போதும் நம் இல்லங்களில் முதலில் எழும் பேச்சு, "வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டுமே" என்பதுதான். சுவருக்குச் சுண்ணாம்பு, மரக்கதவுக்கு வார்னிஷ், சன்னல் கம்பிக்கு எனாமல் என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலின் கடைசியில், போனால் போகிறது என்று சேர்த்துக்கொள்ளப்படுவது கார் ஷெட்டின் இரும்புக் கதவு. வெயிலையும் மழையையும் உப்புக்காற்றையும் ஆண்டு முழுதும் நேருக்கு நேர் நின்று தாங்குவது அந்தக் கதவே. ஆயினும் நம் கவனத்தில் அதற்குக் கடைசி இடம். நம் செலவுக் கணக்கிலும் கடைசி இடம்.

இம்மாதம் அந்தக் கதவைப் பற்றியே பேச விரும்புகிறேன். அதில் நான் செய்த தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒருவர் பட்ட நட்டம் மற்றவருக்குப் படிப்பினையாக அமையுமானால் அந்த நட்டம் முற்றிலும் வீணானதன்று.

பளபளத்த கதவு

எங்கள் ஊர் தூத்துக்குடிக் கரையோரத்தில் உள்ளது. நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழுந்தால் தெருக்கோடி வீட்டுத் திண்ணையிலும் உப்பு படியும். என் காக்கா வளைகுடா நாட்டில் நீண்ட காலமாக வேலை செய்பவர். 1994-இல் அவர் கட்டிய வீட்டின் முன்புறத்தில் ஒரு கார் ஷெட் உண்டு. எட்டடி அகலம், ஏழடி உயரம்; ஆங்கிள் சட்டத்தில் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்த இரட்டைக் கதவு. அவர் ஊரில் இல்லாத காலத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது.

சில ஆண்டுகளுக்கு முன்பு அவர் மகளின் நிக்காஹ் நிச்சயமாயிற்று. "தம்பி, கதவு ரொம்ப மோசமாக இருக்கிறது. நல்ல ஆளை வைத்து நன்றாகச் செய்துவிடு" என்று சொல்லிப் பணமும் அனுப்பினார். எங்கள் பகுதியில் நாற்பது ஆண்டுகளாக வண்ணம் பூசும் அண்ணாச்சி ஒருவரை அழைத்துக் காட்டினேன். அவர் கதவைக் கையால் தடவினார். விரல் நகத்தால் ஓரிடத்தில் நெம்பினார். குனிந்து கீழ்விளிம்பைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஆலிம்சா, சுரண்டி எடுக்க மூணு நாள் வேணும். அடிக்க ரெண்டு நாள் போதும்."

எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. வண்ணம் பூசக் கூலி கொடுப்பது சரி; வண்ணத்தைச் சுரண்டி எறிவதற்கு அதைவிட அதிகக் கூலியா? "மூன்று நாள் சுரண்டல் எதற்கு, அண்ணாச்சி? மேலாகத் தேய்த்துவிட்டு இரண்டு கோட் அடித்தால் துரு மறைந்துவிடாதா?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். "மறையும். ஆனா பெயிண்ட் கதவுல நிக்காது ஆலிம்சா, துருவுலதான் நிக்கும். துரு விழும்போது இதுவும் சேர்ந்து விழும்" என்றார். அவரைப் பேசவிடாமல், "நிக்காஹ் நெருங்கிவிட்டது, இரண்டு நாளில் முடித்துக் கொடுங்கள்" என்று முடித்துவிட்டேன். மிச்சம் பிடித்த மூன்று நாள் கூலியைக் காக்காவின் கணக்கிலேயே எழுதி வைத்தேன். அவர் பணத்தைச் சிக்கனமாகக் கையாண்டதாக மனத்தில் ஒரு நிறைவு வேறு.

நிக்காஹ் அன்று கதவு பளபளவென்று நின்றது. வந்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். ஐப்பசி மழை பிடித்தது. கார்த்திகையில் கீழ்ப்பகுதியில் சிறு சிறு கொப்புளங்கள் தோன்றின. தை பிறப்பதற்குள் கொப்புளங்கள் வெடித்து, பச்சை வண்ணத்தின் மீது பழுப்புநிறக் கண்ணீர் வழிந்தாற்போல் கோடுகள் இறங்கின. அடுத்த விடுமுறையில் வந்த காக்கா, காரை விட்டு இறங்கியதும் கதவின் மேல் கை வைத்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து அவர் கையோடு வந்தது. அதன் மறுபக்கம் முழுதும் துரு. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் கோபித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

துரு என்பது யாது?

அதன் பின்னரே இதைப் பற்றிப் படிக்கவும் கேட்டறியவும் தொடங்கினேன். இரும்பு, நீர், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் கூடும் இடத்தில் துரு பிறக்கிறது. உப்பு அங்கே சேர்ந்தால் அந்த வேலை பன்மடங்கு விரைவுபடும். உப்பு காற்றின் ஈரத்தைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்வதால், மழையில்லாத நாளிலும் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருந்துகொண்டே இருக்கும்.

துரு தோன்றிய பின் அது சும்மா இருப்பதில்லை. தான் தின்ற இரும்பைக் காட்டிலும் அதிகமான இடத்தை அது அடைத்துக்கொள்ளும். ஆகவே மேலே பூசிய வண்ணத்தை உள்ளிருந்து தள்ளும். அன்றியும் அது நுண்துளைகள் நிறைந்தது; பஞ்சு போல நீரையும் உப்பையும் தன்னுள் பிடித்து வைத்திருக்கும். இத்தகைய பொருளின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த எனாமலைப் பூசினாலும், நோயை உள்ளே வைத்துத் தைத்த புண்ணைப் போலத்தான் அது முடியும்.

உப்புக்காற்றின் வலிமைக்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடலின் நடுவே நின்று உழைத்தது. அரிப்பு முற்றியதால் 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதனருகே எழுப்பப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டபோது, துருவைத் தடுக்கப் பாலிசிலாக்சேன் எனும் சிறப்புப் பூச்சு அதற்குப் பூசப்பட்டிருந்தது. பாலத்தைக் கட்டுவோர் பூச்சுக்கு அத்தனை கவனம் கொடுக்கிறார்கள் என்றால், அதே காற்று வீசும் கரையில் நிற்கும் நம் கதவுக்குச் சற்றேனும் கவனம் வேண்டாமா?

"டில்லியில் குவ்வத்துல் இஸ்லாம் பள்ளிவாசல் முற்றத்திலுள்ள இரும்புத் தூண் 1600 ஆண்டுகளாகத் துருப்பிடிக்காமல் நிற்கிறதே" என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாக இருப்பதால், அதன் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று தானாகவே உருவாகியுள்ளது என்று உலோகவியலார் விளக்குகின்றனர். நம் கதவின் தகட்டுக்கு அந்தப் பேறு இல்லை. அதற்கு நாம்தான் காப்பிட வேண்டும்.

முதல் வேலை பார்வையிடல்

இவ்வாண்டு மாசி மாதத்தில் அதே அண்ணாச்சியை மீண்டும் அழைத்தேன். "தவறு என்னுடையது. இம்முறை நீங்கள் சொல்கிறபடி நடக்கட்டும்" என்றேன். அவர் பழையதைச் சொல்லிக் காட்டவில்லை. "மாசி, பங்குனிதான் நல்ல நேரம். மழையும் இல்ல, ஆடிக் காத்துல பறக்குற மண்ணும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார். அவர் செய்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் திருப்புளியின் பிடியால் கதவு முழுவதையும் தட்டிப் பார்த்தார். நல்ல தகடு கணீரென்று ஒலித்தது. துரு தின்ற இடம் மந்தமாக ஒலித்தது. கீழ்விளிம்பும், தகடும் சட்டமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இடுக்குகளும், பற்றவைத்த புள்ளிகளும்தான் எப்போதும் முதலில் கெடுபவை. நீர் தங்குமிடம் எதுவோ அதுவே துரு குடியேறும் இடம். எங்கள் கதவின் கீழ்ப்பகுதியில் இரண்டிடங்களில் திருப்புளி உள்ளேயே இறங்கிவிட்டது. அங்கே வண்ணத்தால் ஆவதொன்றுமில்லை. வெல்டிங் செய்பவரை அழைத்துப் பழுதான தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்துண்டு வைத்தோம். இதை முதலிலேயே செய்ய வேண்டும். வண்ணம் பூசிய பின் பற்றவைத்தால் சுற்றிலும் பூச்சு கருகிப் போகும்.

பழைய வண்ணம் முழுவதையும் எடுத்துத் தீர வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. பிளேடினால் பெருக்கல் குறி போல இரண்டு கீறல் போட்டு, அதன்மேல் ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று பிய்த்துப் பார்க்க வேண்டும். வண்ணம் டேப்போடு வந்துவிட்டால் அந்த இடத்தைச் சுரண்டியே ஆக வேண்டும். வராவிட்டால் அது உறுதியாக இருக்கிறது. பளபளப்பு போகத் தேய்த்தாலே போதும்.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். சில ஷட்டர்களும் கதவுகளும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டால் ஆனவை. அவற்றின் மேல் சாதாரண எண்ணெய்வகை எனாமலை நேரடியாகப் பூசினால், அது துத்தநாகத்தோடு வினைபுரிந்து சோப்பு போன்றதொரு படலமாகி, தாள் தாளாக உரிந்து விழும். அவ்வகைத் தகட்டுக்கென்றே விற்கப்படும் பிரைமரைக் கேட்டு வாங்க வேண்டும்.

கழுவுதலும் சுரண்டுதலும்

அடுத்து அண்ணாச்சி உப்புத்தாளை எடுக்கவில்லை; வாளியை எடுத்தார். சோப்புத்தூள் கரைத்த நீரால் கதவைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரால் இருமுறை அலசினார். உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும்போதே தேய்த்தால், அவற்றை இரும்பினுள்ளேயே தேய்த்து இறக்கியவர்களாவோம். கீலைச் சுற்றியிருந்த பழைய கிரீஸை டர்பன்டைன் தோய்த்த துணியால் துடைத்தார். கதவு நன்றாக உலர்ந்த பிறகே சுரண்டியும் கம்பி பிரஷ்ஷும் வெளியே வந்தன.

தளர்ந்த துருவையெல்லாம் உதிர்த்த பின் முரட்டு உப்புத்தாள், பிறகு நயமான உப்புத்தாள். பழைய வண்ணம் முடிந்து வெற்றுத் தகடு தொடங்கும் எல்லையில் விரலை ஓட்டினால் படிக்கட்டு போல ஒரு விளிம்பு தட்டுப்படும். அதைச் சரிவாகத் தேய்த்துச் சமன் செய்யாவிட்டால் புதுவண்ணம் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தே அவர் அதைச் சோதித்தார்.

மூன்று நாள்கள் இவ்வேலை நடந்தது. கதவு முன்பிருந்ததைவிட அலங்கோலமாகக் காட்சியளித்தது. தெருவில் போவோர் வருவோரெல்லாம், "இன்னும் அடிக்கவில்லையா?" என்று கேட்டார்கள். வேலை நடந்துகொண்டிருக்கிறது, ஆனால் நடந்ததற்கு அடையாளமாகக் காட்ட ஒன்றுமில்லை. அந்த மூன்று நாள்களைத்தான் முன்பு நான் வெட்டிச் செலவென்று நினைத்தேன்.

குழந்தையின் கை

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறந்துவிடாதீர்கள்.

சுரண்டத் தொடங்கிய முதல் நாள், காக்காவின் மகள் தன் ஒரு வயதுக் குழந்தையோடு வீட்டில் இருந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது குழந்தை தவழ்ந்து வந்து, திண்ணையில் படிந்திருந்த வண்ணத்தூளில் கையை அளைந்துகொண்டிருந்தது. கை வாய்க்குப் போகும் தருணம். ஓடிப்போய்த் தூக்கினேன். கையைக் கழுவி, உடையை மாற்றி, வேலை முடியும் வரை தாயையும் பிள்ளையையும் அவள் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

பலருக்கு இது மிகையாகத் தோன்றலாம். பழைய எனாமல் வண்ணங்களில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை போன்ற எடுப்பான நிறங்களில், ஈயச் சேர்மங்கள் கலந்திருப்பது வழக்கமாக இருந்தது. இரும்புக்கு அடியில் பூசும் பூச்சாக ஈயச் செந்தூரமும் வெகுகாலம் பயன்பட்டது. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய அரசு 2016-இல் விதி வகுத்தது. அவ்விதி 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. எங்கள் கதவின் அடிப்பூச்சு 1994-இல் பூசப்பட்டது. அதில் ஈயம் இல்லை என்று யாரால் உறுதி கூற முடியும்?

ஈயம் குழந்தைகளின் வளரும் மூளையைப் பாதிக்கும். கற்கும் திறனைக் குறைக்கும். தீங்கில்லாத அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவுற்ற பெண்களின் வழியாக வயிற்றிலுள்ள சிசுவையும் அது சென்றடையும். பாதிப்போ உடனே தெரியாது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவன் என்ற முறையில், இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "மண்டையில் ஏறவில்லை" என்று நாம் ஏசுகிற பிள்ளை ஒன்றின் குறை, அப்பிள்ளையின் குறையாகவே இல்லாமலும் இருக்கலாம் அல்லவா?

ஆகவே பழைய கதவைச் சுரண்டும்போது சிறு பிள்ளைகளும் கருவுற்றவர்களும் அருகில் இருக்கலாகாது. தரையில் பிளாஸ்டிக் விரிப்பை விரித்துத் தூளையெல்லாம் அதிலேயே சேகரிக்க வேண்டும். கதவை நனைத்து நீர் தொட்டுத் தேய்த்தால் தூசு பறக்காது. பழைய வண்ணத்தைத் தீயால் பொசுக்கி எடுப்பது கூடாது. அந்தப் புகை இன்னும் கேடு. விளக்குமாற்றால் உலர்ந்தபடி பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வேலை செய்பவர் மூக்குக்கும் வாய்க்கும் நல்ல முகக்கவசம் அணிய வேண்டும். தோளில் கிடக்கும் துண்டு போதாது. அவர் சாப்பிடும் முன் கை கழுவத் தண்ணீரும் சோப்பும் வைத்துக் கொடுப்பது வீட்டாரின் கடமை. அவர் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. இந்தத் தூசு அவர் சட்டையோடு அங்கேயும் போகும்.

மாசிக்காய் மையும் துரு மருந்தும்

எவ்வளவு சுரண்டினாலும் குழிகளுக்குள் சிறிது துரு எஞ்சி நிற்கும். அதற்காகத் துருவை மாற்றும் திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன. சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலமும், சிலவற்றில் டானிக் அமிலமும் இருக்கும். கையுறை அணிந்து, டப்பாவில் அச்சிட்டுள்ள முறைப்படியே பூச வேண்டும். டானிக் அமிலம் பட்ட இடத்தில் செந்துரு கருநிறமாக மாறுவதைக் கண்டபோது எனக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. மாசிக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து முன்னோர் எழுதும் மை தயாரித்தார்கள் அல்லவா? மாசிக்காயில் இருப்பதும் அதே துவர்ப்புப் பொருள்தான். அன்னபேதியில் இருப்பது இரும்பு. ஏட்டில் எழுத்தை நிலைக்கச் செய்த அதே சேர்க்கைதான் இங்கே துருவை அடக்குகிறது. ஆனால் இத்திரவம் எஞ்சிய மெல்லிய துருவுக்கு மட்டுமே. செதில் செதிலாக நிற்கும் துருவின் மேல் இதை ஊற்றிவிட்டுச் சுரண்டும் வேலையைத் தட்டிக்கழிப்பது, நான் முன்பு செய்த தவற்றையே வேறு டப்பாவில் செய்வதாகும்.

பிரைமரும் எனாமலும்

வெற்று இரும்பைக் கடலோரக் காற்றில் ஓரிரவு விட்டுவைத்தாலும் காலையில் செம்மை படர்ந்துவிடும். எனவே சுரண்டிய பகுதியை அன்றன்றே துடைத்து, உலர்த்தி, பிரைமர் பூசிவிட வேண்டும். கதவை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு அண்ணாச்சி வேலை செய்ததன் காரணம் இதுவே.

நம் நாட்டில் பெரும்பாலும் பூசப்படுவது ரெட் ஆக்சைடு பிரைமர். ஈயச் செந்தூரமும் இதுவும் ஒன்றென்று கருதிவிடக் கூடாது. இதன் சிவப்பு இரும்பு ஆக்சைடின் நிறம். இதிலும் துருத் தடுப்புக்காகச் சிலவற்றில் ஜிங்க் குரோமேட் சேர்க்கப்படுகிறது. அது நச்சுத்தன்மை உடையது. ஜிங்க் பாஸ்பேட் கலந்தது கிடைத்தால் அதை வாங்குவது நல்லது. டப்பாவைப் படித்துப் பார்த்து, ஈயம் சேர்க்கப்படாதது என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

பூசும்போது அண்ணாச்சி முதலில் விளிம்புகளுக்கும் மூலைகளுக்கும் பற்றவைத்த இடங்களுக்கும் மட்டும் ஒருமுறை பிரஷ் ஓட்டினார். அதன் பின்னரே முழுக்கதவையும் பூசினார். கூரிய விளிம்பில் வண்ணம் நிற்காமல் இருபுறமும் விலகி மெலிந்துவிடும் என்பதே காரணம். பிரைமர் ஓரிரவு காய்ந்த பின் குழிகளுக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, பட்டி வைத்த இடங்களில் மீண்டும் பிரைமர் தொட்டார்.

எனாமலைப் பூச அவர் நேரம் பார்த்தார். விடியற்காலைப் பனி முற்றும் உலர வேண்டும். ஆனால் தகடு வெயிலில் கொதிக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. சூடேறிய தகட்டில் வண்ணத்தின் மேற்புறம் மட்டும் விரைந்து காய்ந்து சுருக்கம் விழும். பிற்பகலிலோ கடற்காற்று உப்பையும் மணலையும் கொண்டுவந்து ஈரவண்ணத்தில் ஒட்டும். மாலையில் பூசினால் பனி இறங்கிப் பளபளப்பு மங்கும். எனவே காலை எட்டு மணியிலிருந்து பத்தரை வரையே பிரஷ் எடுத்தார். தடித்த ஒரு கோட்டைவிட மெல்லிய இரண்டு கோட் மேலானது. ஒரு கோட்டுக்கும் மறுகோட்டுக்கும் இடையே ஓரிரவு காயவிட்டு, நயமான உப்புத்தாளால் இலேசாகத் தடவி, ஈரத்துணியால் துடைத்து உலரவிட்ட பின்பே அடுத்த கோட் பூசினார்.

அளவைச் சொல்கிறேன். எட்டுக்கு ஏழு அடிக் கதவு ஒருபுறம் 56 சதுர அடி. இருபுறமும் 112 சதுர அடி. ஒரு லிட்டர் எனாமல் சமதளத்தில் ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ 100 முதல் 120 சதுர அடி வரை வரும். ஆகவே பிரைமர் ஒரு லிட்டரும் எனாமல் இரண்டு லிட்டரும், சேதாரத்துக்குச் சற்றும் இருந்தால் போதும். மேற்கு வெயில் படும் கதவுக்கு வெளிர்நிறம் ஏற்றது. அடர்நிறம் வெப்பத்தை அதிகம் உறிஞ்சும். கீல், பூட்டுத்துளை, ஷட்டர் ஓடும் தடம் ஆகியவற்றில் வண்ணம் படலாகாது; அங்கே கிரீஸ் போதும். கீழ்விளிம்பில் நீர் வடியத் துளைகள் இருந்தால் அவற்றை அடைத்துவிடாதீர்கள். சுருட்டும் ஷட்டராயின், வண்ணம் நன்கு இறுகும் வரை சில நாள்கள் சுருட்டாமல் விட்டுவைப்பது நலம்.

கூலி பேசும் முறை

வீட்டு ஆண்கள் வெளிநாட்டில் இருக்க, இவ்வேலைகளையெல்லாம் தனியே நின்று மேற்பார்வையிடும் சகோதரிகள் நம் சமுதாயத்தில் ஏராளம். அவர்களுக்காக ஒரு சொல். மொத்தக் காண்ட்ராக்டாகப் பேசினால், வேலை விரைவில் முடிவதில்தான் வேலையாளுக்கு ஆதாயம். எனவே முதலில் குறைவது சுரண்டும் வேலையே. அது அவருடைய குற்றம் என்பதைவிட, நாம் பேசிய முறையின் குற்றம். தயார் செய்யும் வேலைக்குத் தனியாக நாள்கூலி பேசுங்கள். வண்ணம் பூசுவதற்குத் தனியாகப் பேசுங்கள். "சுரண்டி முடித்ததும் பிரைமர் பூசுமுன் என்னிடம் காட்டுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு கதவின் தரத்தை அறியும் நேரம் அதுதான். வண்ணம் ஏறிய பிறகு நல்ல வேலையும் மோசமான வேலையும் ஆறு மாதத்துக்கு ஒன்று போலவே தோன்றும்.

வேலை முடிந்தபின் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கதவைக் கழுவி உப்பைப் போக்குங்கள். காசளவு துரு தெரிந்ததும் அந்த இடத்தை மட்டும் தேய்த்துப் பிரைமர் தொட்டு எனாமல் வையுங்கள். அரை மணி நேர வேலை ஐந்து நாள் வேலையைத் தள்ளிப்போடும்.

அமானிதம்

கணக்குப் பார்த்தேன். முதல்முறை நான் மிச்சப்படுத்தியது மூன்று நாள் கூலி. அதன் விலையாக இரண்டாம் முறை முழுச் செலவும் ஏற்பட்டது; அரித்துப்போன தகட்டுக்கு வெல்டிங் செலவும் சேர்ந்தது. முதலிலேயே சுரண்டியிருந்தால் அந்தத் தகடு தப்பியிருக்கக்கூடும். அந்தக் கூடுதல் செலவைக் காக்காவின் கணக்கில் எழுத என் மனம் ஒப்பவில்லை. என் கையிலிருந்தே கொடுத்தேன். பிறர் பணம் நம் கையில் இருக்கும்போது, குறைவாகச் செலவழிப்பது மட்டுமே அமானிதத்தைப் பேணுவதாகாது. அவர் எதற்காகக் கொடுத்தாரோ அது நிறைவேறியதா என்பதும் சேர்ந்ததே அமானிதம் என்பதை அந்தக் கதவு எனக்குக் கற்பித்தது.

வேலை முடிந்த அன்று காக்கா தொலைபேசியில் அழைத்தார். என்ன நிறம் பூசினீர்கள் என்று கேட்கவில்லை. "தம்பி, சுரண்டினீர்களா?" என்றுதான் கேட்டார். இரண்டாம் நாள் மாலை, பாதி வெற்றுத் தகடாகவும் பாதி செந்நிறப் பிரைமராகவும் கதவு அலங்கோலமாக நின்றபோது எடுத்த படம் ஒன்று என்னிடம் இருந்தது. புதுவண்ணத்தின் படத்தை விட்டுவிட்டு அதையே அனுப்பி வைத்தேன்.

சற்று நேரத்தில் பதில் வந்தது. "இப்போதுதான் மனம் நிம்மதியாக இருக்கிறது."

அந்தச் செய்தியை அண்ணாச்சியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் பிரஷ்ஷை டர்பன்டைனில் அலசியபடியே சிரித்தார். ஐந்து நாள் கூலியையும் அவர் கையில் வைத்தேன். இம்முறை நான் பேரம் பேசவில்லை.